முகத்துக்கு நேராகப் பாடாத பாட்டு

நடுநாற்காலியில் அமர்ந்து இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற வானொலி அறிவிப்பாளர் அவர்களே, மேடைக் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, அண்ணனின் கடைசி ஆல்பத்தை வெளியிட்ட தம்பி அவர்களே, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பத்திரிகை விமர்சகர் அவர்களே, எதிரே இருக்கும் என் அண்ணி அவர்களே, நான் தோளில் தூக்கிச் சுமந்த என் அண்ணன் மகளே, உட்கார இடமில்லாமல் படிக்கட்டிலும் வாசலிலும் நெருக்கிக்கொண்டு நிற்கும் ரசிகத் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. என் குரல் தெரியும். சம்மட்டி அண்ணன் ஒரு வரியில் முக்கால்வாசியைப் பாடிவிட்டு மூச்சு வாங்குவாரே, அப்போது மீதிக் கால்வாசியைப் பாடி முடித்தவன் நான். பின்பாட்டு என்பதுதான் எனக்குப் பெயர். அண்ணன் வைத்தது. என் மனைவிகூட என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். இப்போது இந்த நகரத்தில் பாதிக் கட்டடங்களில் லிஃப்டுக்குள் நின்றால் "கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்" என்று ஒரு குரல் வரும். அதுவும் நான்தான். இந்த மண்டபத்துக்கு லிஃப்டில் ஏறி வந்தவர்கள் என் இரங்கல் உரையின் முதல் வரியை ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள்.

நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு அஞ்சலி செலுத்தத்தான் வந்திருக்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் மைக்குக்குப் பக்கத்தில் வந்ததும் இத்தனை போன்கள் மேலே எழுந்தனவே, அவை அஞ்சலிக்காக எழவில்லை. சங்கத் தலைவர் பேசும்போது அவை எல்லாம் சட்டைப் பையில் தூங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணன் தன் கடைசி ஆல்பத்தில் என்னைத் திட்டி ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போய்விட்டார். 'பக்கத்து மைக்' என்ற அந்தப் பாட்டு உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எங்கள் ராப் தொழிலில் வசைப்பாட்டுக்கு வசைப்பாட்டால்தான் பதில். பதில் வராவிட்டால் திட்டியதெல்லாம் உண்மை என்று ஊர் எடுத்துக்கொள்ளும். இவன் இன்றைக்கு என்ன செய்யப் போகிறான்? செத்தவரைத் திட்டுவானா? அல்லது வாயைப் பொத்திக்கொண்டு பழியைச் சுமப்பானா? அதைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். தப்பில்லை. நானாக இருந்தாலும் வந்திருப்பேன்.

சொல்கிறேன். ஆனால் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

எங்கள் முதல் ஒத்திகைக் கூடம் ஒரு சலவைக் கடையின் பின்கட்டு. அண்ணன் அங்கே இஸ்திரி போடும் வேலையில் இருந்தார். பெரிய சலவை இயந்திரத்துக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. துணியைச் சுழற்றும்போது அது தட், தட்டென்று தரையை இடிக்கும். முதலாளி ஒவ்வொரு நாளும் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்பார். அவர் தலை மறைந்ததும் அண்ணன் அட்டையை உருவிவிடுவார். அந்தத் தட் தட்தான் எங்கள் முதல் பீட். அதற்கு மேல் அண்ணன் தன் முஷ்டியால் இஸ்திரி மேசையில் ஓங்கி ஒரு குத்து விடுவார். அலமாரியில் இருக்கும் பொத்தான் டப்பாக்கள் எல்லாம் குதிக்கும். சம்மட்டி என்ற பெயர் அப்படி வந்தது.

ராப் என்றால் என்னவென்று அன்றைக்கு இங்கே யாருக்குத் தெரியும்? முதல் மேடையில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். "என்னப்பா இவன், பாடுறானா, சண்டை போடுறானா?" அண்ணனுக்கு அது காதில் விழுந்துவிட்டது. பாம்புக் காது அவருக்கு அப்போது. பாட்டை நிறுத்தாமல் பீட்டிலேயே பதில் சொன்னார். "ரெண்டுந்தான் பெரியவரே, டிக்கெட் ஒண்ணுதான்." பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் கைதட்டலில் இருந்துதான் இந்த நகரத்தில் ராப் தொடங்கியது என்று நான் சொல்வேன். மறுப்பவர்கள் மேடைக்கு வரலாம்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

ஆரம்பத்தில் எங்களோடு இன்னொருவர் பாடினார். சுவரில் சாய்ந்து நின்றால்தான் அவருக்குப் பாட்டு வரும் என்பதால் பல்லி என்று பெயர். ஒருநாள் எங்கள் வரிகள் அப்படியே வேறொரு குழுவின் மேடையில் கேட்டன. பல்லிதான் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று அண்ணன் முடிவுகட்டினார். அவரைத் திட்டி ஒரு பாட்டு எழுதினார், பாடினார், ரேடியோவில் போட்டார்கள். பல்லி பதில் பாடவில்லை. ஒத்திகைக்கு வரவில்லை. ஊர் அவரைத் திருடன் என்று முடிவு செய்தது. பிறகு உண்மை தெரிந்தது. ரேடியோ நிலையத்துக்கு நாங்களே கொடுத்த கேசட்டில் இருந்துதான் அந்த வரிகள் வெளியே போயிருக்கின்றன. அண்ணன் பல்லியைத் தேடி அலைந்தார். கடைசியில் ஒரு பஸ்ஸில் கண்டுபிடித்தார். பல்லி கண்டக்டர் ஆகியிருந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார். பல்லி டிக்கெட்டைக் கிழித்து அண்ணன் கையில் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். முகத்தை நிமிர்த்திப் பார்க்கவே இல்லை.

அந்த பஸ்ஸில் இருந்து இறங்கி வந்த அண்ணன் எங்களை எல்லாம் சலவைக் கடைக்குக் கூப்பிட்டு ஒரு விதி போட்டார்.

"இனிமே எவனைத் திட்டுறதா இருந்தாலும் மொதல்ல அவன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து பாடணும். பாடி முடிச்சுட்டு, பதில் இருக்கான்னு கேக்கணும். அவன் சொல்றதக் கேட்ட அப்புறந்தான் ரெக்கார்டிங். முதுகுக்குப் பின்னாடி பாடுனா அதுக்குப் பேரு ராப் இல்ல, புறணி."

தோழர்களே, உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு விதி உண்டா? அண்ணன் அதை உயிரைப் போலக் காப்பாற்றினார். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வராததற்குத் தண்ணீர் வாரிய அதிகாரியைத் திட்டி ஒரு பாட்டு எழுதினார். நேராக அவருடைய அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பியூன் கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். அண்ணன், "திட்ட வந்திருக்கோம், அடிக்க வரல, வழி விடுங்க" என்றார். உள்ளே போய் அதிகாரியின் மேசையைத் தட்டிப் பாட்டு முழுவதையும் பாடினார். முடித்ததும் "பதில் இருக்கா சார்?" என்று கேட்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாவது வரி தப்பு. அன்னிக்கு நான் லீவு. மத்ததெல்லாம் சரிதான்" என்றார். அண்ணன் அங்கேயே அந்த வரியை நீக்கினார். மற்றது ஒரு வார்த்தை மாறாமல் வெளியே வந்தது. அந்த அதிகாரி எங்கள் அடுத்த கச்சேரிக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். பின்னால் இருந்தவரிடம், "நான் வர்ற பாட்டு எப்ப பாடுவாங்க?" என்றும் கேட்டிருக்கிறார்.

சொந்த மச்சானைக்கூட அவர் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து முகத்துக்கு நேராகத் திட்டிப் பாடினார். மச்சான் வாயில் வைத்த கவளத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அண்ணி உள்ளிருந்து வந்து, "பாட்டு நல்லாத்தான் இருக்கு, சாப்பாடு ஆறுது" என்றார். அண்ணி சிரிக்கிறார், பாருங்கள். சிரியுங்கள் அண்ணி. நீங்கள் சிரித்து ரொம்ப நாளாகிறது.

இப்படிப்பட்ட மனிதர், யார் முகத்துக்கும் பயப்படாத மனிதர், ஒரே ஒருவன் முகத்துக்கு நேராக மட்டும் பாடவில்லை. அந்த ஒருவன் நான்.

இனி, நாங்கள் கடைசியாகச் சேர்ந்து பாடிய மைதானத்துக் கச்சேரியைச் சொல்கிறேன். மேடையில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சே கிடையாது, இரண்டு சைகைகள்தான். அவர் நெஞ்சில் கை வைத்தால், மூச்சு தீர்ந்துவிட்டது, நீ எடுத்துக்கொள் என்று அர்த்தம். வலது காதைத் தொட்டால், உன் மைக்கை அணைத்துவிட்டு வெளிச்சத்தில் இருந்து விலகி நில், இதை நான் தனியாகப் பாடிக்கொள்கிறேன் என்று அர்த்தம். இளமைக் காலம் முதல் இதில் எங்களுக்குப் பிசகியதே இல்லை. பஸ் டிப்போ மைதானத்தில் மூன்றாவது பாட்டின் நடுவில் அண்ணன் வலது காதைத் தொட்டார். நான் மைக்கை அணைத்தேன். விலகி நின்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அண்ணனுக்கு அன்று தாளம் பிடிபடவில்லை. பீட் ஒரு பக்கம் போகிறது, அவர் ஒரு பக்கம் போகிறார். கூட்டத்தில் விசில் அடித்தார்கள். சிரித்தார்கள். அவர் மறுபடியும் காதைத் தொட்டார். நான் இன்னும் ஓரடி பின்னால் போனேன்.

மேடையை விட்டு இறங்கிய அண்ணன் என்னைப் பார்க்காமல் வேனில் ஏறினார். தன்மேலேயே கோபமாக இருக்கிறார், ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த கச்சேரிக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும் கூப்பிடவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. பிறகு போனையே மகள்தான் எடுத்தாள். "அப்பா தூங்குறாரு சித்தப்பா" என்பாள். எந்த வேளையில் கூப்பிட்டாலும் ஒரு மனிதர் தூங்குவாரா? நமக்கும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? போன் செய்வதை நிறுத்தினேன். சும்மா இருந்த வாய்க்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது.

பிறகு ஒருநாள் மத்தியானம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். என் மனைவி டீ போட்டுக் கொண்டுவந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்து என் முகத்துக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். நான் பேசினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் பேசவில்லை. மேசையில் விரல்களால் தட்டிக்கொண்டே இருந்தார். நீளமாக, விட்டுவிட்டு, மறுபடியும். டீ ஆறிப்போனது. எழுந்து வாசலுக்குப் போனவர் திரும்பி நின்று, "பதில் இருக்கா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டே இல்லாம பதில் எதுக்குண்ணே?" என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். சமாதானமாகத்தான் வந்தார் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், தோழர்களே.

அதன் பிறகுதான் 'இன்னும் சத்தமா' என்ற அந்த ஆல்பம் வந்தது.

இரங்கல் கூட்டத்தில் ஆல்பத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது மரபு. நான் பொய் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்குப் பிடித்தது, பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. பாஸ் என்கிற கனத்த அடியொலி காதை அடைத்தது. பல பாட்டுகளில் அண்ணன் குரல் பீட்டுக்கு முன்னால் ஓடியது, அல்லது பின்னால் நொண்டியது. ஒரு பத்திரிகை, "சம்மட்டி இன்னும் தட்டுகிறார், ஆனால் எதை என்றுதான் தெரியவில்லை" என்று எழுதியது. இன்னொன்று, இந்தக் கரடுமுரடே ஒரு துணிச்சல், பழைய சிங்கம் புதிய பாணியைக் கண்டுபிடித்துவிட்டது என்று கொண்டாடியது. ரசிகர்களும் அப்படித்தான். லாரி ஓட்டும் ஒரு தோழர் என்னிடம், "எஞ்சின் சத்தத்துக்கு மேல கேக்குற ஒரே ஆல்பம் இதுதாண்ணே" என்றார். கல்லூரிப் பெண் ஒருத்தி, "ரெண்டாவது பாட்டுலயே ஹெட்போனைக் கழட்டிட்டேன்" என்றாள். ஒரு பேக்கரி அம்மா மாவு பிசையும் இயந்திரத்துக்கு எதிராக அதை அலறவிட்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். இதோ மூன்றாவது வரிசையில் இருக்கும் நம் விமர்சகர் எழுதினார்: "காலத்தின் ஓசை இவர் காதுக்கு எட்டவில்லை." அவரை முறைக்காதீர்கள். அவர் தன்னை அறியாமல் எழுதிய மிகப் பெரிய உண்மை அது. அதற்கு வருகிறேன்.

இப்படி எல்லா விஷயத்திலும் அடித்துக்கொண்டவர்கள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஆல்பத்தில் 'பக்கத்து மைக்' ஒன்றுதான் முத்து. வெறுத்தவரும் அதைப் புகழ்ந்தார், விரும்பியவரும் அதையே புகழ்ந்தார்.

அந்தப் பாட்டை நான் எங்கே கேட்டேன் தெரியுமா? சலூனில். முகம் முழுவதும் சோப்பு நுரை. பக்கத்து நாற்காலிக்காரர் போனில் அதை ஓடவிட்டார்.

பக்கத்து மைக்கு பாதியில செத்துச்சு,
பாவி கைதான் பட்டனைத் தொட்டுச்சு,
மூச்சு முட்டி நின்னேன், முதுகைக் காட்டுனான்,
மூடுற கதவுக்கு இப்ப மொழி பேசுறான்.

கடையே சிரித்தது. சலூன்காரர் என் கழுத்தில் கத்தியை வைத்தபடி, "அண்ணே, இது உங்களையா?" என்றார். கத்தி கழுத்தில் இருக்கும்போது யாராவது பொய் சொல்வார்களா? "ஆமாய்யா, என்னையத்தான்" என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த பீட்டை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் வீட்டு மேசையில் கேட்டிருக்கிறேன். அண்ணன் அன்று விரலால் தட்டியது இந்தப் பாட்டைத்தான். மனதுக்குள்ளேயே என்னைத் திட்டிப் பாடிவிட்டு, வாசலில் நின்று பதில் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். விதியை ஏமாற்றியிருக்கிறார். தான் போட்ட விதியையே ஏமாற்றியிருக்கிறார்.

பதில் பாடு, பாடு என்று எல்லோரும் என்னைக் குடைந்தார்கள். வரிகள் தானாகவே வந்தன, நான் மறைக்கவில்லை. ஆனால் பாடியவர்தானே என்னைத் தேடி வந்திருக்க வேண்டும்? வந்து ஒழுங்காக வாயைத் திறந்து பாடட்டும், பிறகு பார்க்கலாம் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். அந்த வீம்பு சரிதான் என்று இப்போதும் சொல்வேன். அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனிதர் எழவில்லை என்று செய்தி வந்தது.

எல்லாக் காரியமும் முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தோம். சமையலறையில் அண்ணன் மகள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமல், திரும்பாமல் பேசினாள்.

"சித்தப்பா, அப்பாவுக்குக் காது கேக்காது."

"என்னம்மா சொல்ற?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. மொதல்ல வலது காது, அப்புறம் இடதும் போயிருச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. மிஷின் வாங்கிக் கொடுத்தேன். ஷேவிங் பெட்டியில போட்டு மூடி வெச்சுட்டாரு. ராப் பாடுறவன் காதுல மிஷினை மாட்டிக்கிட்டு நிக்கிறதான்னு கேட்டாரு."

நான் கையை நீட்டிக் குழாயை மூடினேன்.

"டிப்போ மைதானத்துல திடீர்னு பீட்டே கேக்கலையாம். 'காதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், பின்பாட்டு மைக்கை அணைச்சுட்டுப் போயிட்டான், இத்தனை வருஷம் கூட நின்னவன் அன்னிக்குப் போயிட்டான்'னு சொல்லிச் சொல்லியே உருகிப் போனாரு."

"காதைப் பிடிச்சாரா?" என்று கேட்டேன். "காது கேக்காமத்தான் பிடிச்சாரா?"

தோழர்களே, உங்களுக்குப் புரிகிறதா? அவர் எனக்குச் சைகை காட்டவில்லை. பீட் எங்கே போயிற்று என்று தன் காதைத் தடவிப் பார்த்திருக்கிறார். நான் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன். நான் விலகியதை அவர் கைவிட்டுப் போனது என்று எடுத்துக்கொண்டார். என்மேல் குற்றமில்லை. இதை உரக்கவே சொல்கிறேன், என்மேல் குற்றமில்லை. நாங்கள் பேசிவைத்ததை நான் செய்தேன். பாட்டில் சொன்னது அவர் கண்ணால் கண்டதுதான், அவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் கெட்டது எங்கே?

அந்த விதியை மீறிய இடத்தில்தான் கெட்டது. என் வீட்டு மேசையில் அண்ணன் வாயைத் திறந்து அந்த முதல் வரியைப் பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "நீங்கதானேண்ணே காதைத் தொட்டீங்க" என்று சொல்லியிருப்பேன். டீ ஆறுவதற்குள் எல்லாம் தீர்ந்திருக்கும். இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்றுதானே, பல்லிக்கு நடந்தது இன்னொருவனுக்கு நடக்கக் கூடாது என்றுதானே, அந்த விதியையே போட்டார்!

ஏன் பாடவில்லை? யோசித்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறேன். முகத்துக்கு நேராகப் பாட வாய் போதும். பதிலைக் கேட்கக் காது வேண்டும். பதில் இருக்கா என்று கேட்டுவிட்டு, நான் சொல்வது கேட்காமல் விழித்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார். அதற்காகத்தான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு அவர் காது கேட்காதது தெரியக் கூடாது. அதற்காக என் பெயர் கெட்டாலும் அவருக்குப் பரவாயில்லை.

துரோகம் என்ற வார்த்தையை இரங்கல் கூட்டத்தில் சொல்லலாமா? தலைவர் என்னைப் பார்க்கிறார். சொல்லத்தான் போகிறேன் ஐயா. அண்ணன் எனக்குச் செய்தது துரோகம். திட்டியது துரோகமில்லை, அவர் திட்டாத ஆளே இல்லை. காது போனதை என்னிடம் மறைத்தது துரோகம். அவர் மூச்சு எங்கே தீரும் என்று அவருக்கே தெரிவதற்கு முன்னால் தெரிந்தவன் நான். அவர் காது போனது எனக்குத் தெரியக் கூடாதா? சொல்லியிருந்தால் அவர் முதுகில் தட்டித் தட்டித் தாளம் காட்டியிருப்பேன். கடைசிவரை மேடையில் நிறுத்தியிருப்பேன். தண்ணீர் வாரிய அதிகாரிக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே! சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சானுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே!

என்மேல் இருந்த பாசத்தால்தான் அண்ணனால் என்னிடம் சொல்ல முடியவில்லை என்று சிலர் என்னைத் தேற்றுகிறார்கள். அப்படியும் இருக்கலாம். அந்தப் பாசத்தை நான் வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் அண்ணன் மகளே, சத்தியத்தைக் காப்பாற்றினாய், நல்ல பிள்ளை. உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். கோபம் இருக்கிறது. போகும்போது நான்தான் உன்னை வீட்டில் கொண்டுபோய் விடுவேன், அதுவும் இருக்கிறது.

இங்கே வருவதற்கு முன் ஆல்பத்தை வெளியிட்ட தம்பி என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "அண்ணே, அதே பீட்டு, அதே நீளம், உங்க பதில். சூடு ஆறதுக்குள்ள விட்டுரணும்" என்றார். சங்கத்தில் சிலர் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். உண்மை தெரிந்துவிட்டதால் 'பக்கத்து மைக்'கை ஆல்பத்தில் இருந்து நீக்கத் தீர்மானம் போடலாமாம்.

இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பாட்டை நீக்காதீர்கள். அது நல்ல பாட்டு. என்னை நினைத்து எழுதும்போதுதான் அண்ணனுக்குக் கடைசியாக ஒரு நல்ல பாட்டு வந்தது என்பதில் எனக்கு வெட்கங்கெட்ட ஒரு பெருமையும் உண்டு. கேட்கிறவர்கள் கேட்கட்டும். லிஃப்டில் என் குரல் வரும்போது சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பதில் பாட்டை நான் ரெக்கார்ட் செய்ய மாட்டேன். ஏன் என்றால் விதி இருக்கிறது. முகத்துக்கு நேராகப் பாடி, பதில் இருக்கா என்று கேட்டு, அதைக் கேட்ட பிறகுதான் ரெக்கார்டிங். எனக்குப் பதில் சொல்ல அவர் இல்லை. ஆகவே ரெக்கார்டிங்கும் இல்லை. விதி போட்டவர் மீறிவிட்டார். நான் மீற மாட்டேன்.

அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று மற்றவர்கள் இங்கே உறுதி சொன்னார்கள். என் உறுதி இவ்வளவுதான். சலவைக் கடையின் பின்கட்டு இன்னும் இருக்கிறது. வாராவாரம் அங்கே ஒரு மேசையும் எதிரெதிரே இரண்டு நாற்காலிகளும் போட்டு வைப்பேன். இங்கே நிற்கும் புதுப் பாடகர்களில் யாருக்கு யார்மேல் கோபம் இருந்தாலும் அங்கே வந்து உட்கார்ந்து பாடுங்கள். பதிலைக் கேளுங்கள். காது கேட்காவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன். பின்பாட்டுக்காரனுக்கு வேறென்ன வேலை? என்னைத் திட்ட வேண்டுமா, அதற்கும் வாருங்கள், டீ போட்டு வைக்கிறேன்.

முடிக்கிறேன். அண்ணன் என் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். பதில் இருக்கா என்று கேட்டார். இருக்கிறது அண்ணே. சலூனில் நுரையோடு உட்கார்ந்திருந்தபோதே முதல் வரி வந்துவிட்டது. உங்கள் வீட்டுச் சமையலறையில் கடைசி வரி வந்தது. திட்டும் இருக்கிறது, மற்றதும் இருக்கிறது. அதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லப் போகிறேன். இதோ, மேசைமேல் இந்தப் படம் இருக்கிறது. உங்களுக்குக் கேட்காது, தெரியும். போன முறை பேசியதும் உங்களுக்குக் கேட்கவில்லை.

தோழர்களே, போன்களைக் கீழே இறக்குங்கள். இது அவருக்கு மட்டும். நான் மைக்கை அணைக்கிறேன். இந்த முறை யாரும் காதைத் தொடவில்லை.